ஊசி பட்டபோது நான் செருமினேன்

என் மகனின் இடது கால் கட்டிலின் இரும்புக் கம்பியில் அழுந்திக்கொண்டிருந்தது. போர்வை விலகிக் கிடந்தது. ஒஸ்லோவிலிருந்து டல்லாஸில் இறங்கி, பெட்டியோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, அறை வாசலில் நின்றபோது நான் முதலில் கண்டது அவன் முகத்தை அல்ல, அந்தக் காலைத்தான். கம்பியின் அச்சு தோலில் சிவப்பாகப் பதிந்திருந்தது. அந்தக் காலைத் தூக்கி மெத்தையில் வைத்தேன். அவன் கண்ணைத் திறக்கவில்லை. தூங்குகிறான் என்று நினைத்தேன்.

"ஆர், அப்பாவோ?" என்றான் கண்ணை மூடியபடியே. காலடிச் சத்தத்தை வைத்துக் கேட்டிருக்கிறான். நான் காலைத் தூக்கி வைத்தது அவனுக்குத் தெரியவே இல்லை.

முதுகு அடிபட்டுப் படுத்திருக்கும் ஒருவரின் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். என்னைப்போல் செய்யாதீர்கள் என்று சொல்லவே எழுதுகிறேன். மற்றதெல்லாம் டாக்டர்கள் சொல்வார்கள்.

மகன் பெயர் நிரூபன். வயது இருபத்தைந்து. நோர்வே விமானப் படையின் பயிற்சி விமானி. நோர்வே தன் இளம் விமானிகளை டெக்சாஸுக்கு அனுப்பிப் பழக்குகிறது. அங்கே வானம் தெளிவாக இருக்கும், வருடம் முழுவதும் பறக்கலாம். ஐரோப்பாவில் போர் மூண்டபிறகு இந்தப் பயிற்சி வெறும் படிப்பாக இல்லாமல் போய்விட்டது. படித்து முடித்தால் எந்த எல்லைக்குப் போவோம் என்பது அந்தப் பையன்கள் எல்லாருக்கும் தெரியும்.

நான் யாழ்ப்பாணத்தான். விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் குதித்து வளர்ந்தவன். மகன் போர்விமானி ஆகப் போகிறேன் என்றபோது வாழ்த்துச் சொன்னேன். மனம் ஒப்பிச் சொல்லவில்லை.

விபத்து ஒரு புதன்கிழமை நடந்தது. இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம் தரையிறங்க வரும்போது எஞ்சின்களுக்குள் பறவைக் கூட்டம் புகுந்துவிட்டது. அவனும் அமெரிக்கப் பயிற்றுநரும் வெளியேற்று இருக்கையின் (ஆபத்தில் விமானியை ராக்கெட் விசையால் வெளியே வீசும் இருக்கை) பிடியை இழுத்தார்கள். பயிற்றுநர் சிராய்ப்புகளோடு எழுந்து நடந்தார். நிரூபனுக்கு இடுப்பு முள்ளெலும்பு ஒன்று நொறுங்கியது. விழுந்த இடத்தில் இடது கணுக்கால் சுளுக்கியது. படைத்தளத்திலிருந்து டல்லாஸ் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் வெள்ளி மாலை போய்ச் சேர்ந்தேன். மகளுக்கு முதல் பிரசவம் அந்த வாரம் என்பதால் மனைவி ஒஸ்லோவில் நின்றுவிட்டாள்.

முதுகுத்தண்டு அறுவை நிபுணர் டாக்டர் ஹால் ஐம்பது வயதுப் பெண்மணி. வேகமாகப் பேசுவார், ஆனால் ஒரு கேள்வியையும் தட்டிக்கழிக்க மாட்டார். எலும்பு நொறுங்கியிருக்கிறது, நரம்புகள் தப்பியிருக்கின்றன என்றார். நரம்பு நன்றாக இருக்கும்வரை கத்தி வேண்டாம். பிரேஸ் (உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும் கடினமான கவசம்) போட்டால் மூன்று மாதத்தில் எலும்பு கூடிவிடும். நரம்பில் சிறு மாற்றம் தெரிந்தாலும் உடனே அறுவை. கம்பியும் திருகாணியும் வைத்து எலும்பைக் கட்ட வேண்டியிருக்கும்.

"ஆகவே கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் இருந்தாலோ உடனே சொல்லுங்கள்" என்றார். நான் பணிவாகத் தலையாட்டினேன்.

அவர் வெளியே போனதும் நிரூபன், "அப்பா, கதவைச் சாத்துங்கோ" என்றான்.

சாத்தினேன்.

"இடது காலில கொஞ்சம் விறைப்பு, மரத்த மாதிரி. இண்டைக்குக் காலமைதான் துவங்கினது. வீக்கம் வத்தினாப் போயிடும். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"டொக்டருக்குமோ?"

"டொக்டருக்குத்தான் சொல்லவே கூடாது. கம்பி வைச்ச முதுகோட என்னை அந்தப் பிளேன் சீற்றில திரும்ப இருக்க விடமாட்டினம். எல்லாம் முடிஞ்சுது."

கணுக்கால் சுளுக்கு அவனுக்கு நல்ல சாட்டாக இருந்தது. கால் விரலைத் தூக்கச் சொன்னால் சுளுக்கு வலிக்கிறது என்று சொல்லித் தப்பினான். தப்ப முடியாதது ஊசிப் பரிசோதனை. நோயாளியின் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இளம் டாக்டர் ஒருவர் காலில் ஓரிடத்தில் ஊசியின் கூர்முனையாலும் இன்னோரிடத்தில் மொட்டை முனையாலும் தொடுவார். ஒவ்வொரு முறையும், "கூரா, மொட்டையா?" என்று கேட்பார். காலையும் மாலையும் இது நடக்கும்.

"கூர் பட்டா ஒருக்காச் செருமுங்கோ. மொட்டை எண்டாச் சும்மா நில்லுங்கோ" என்றான்.

"நான் என்ன நாடகம் நடிக்கவோ இவ்வளவு தூரம் வந்தனான்?"

"நீங்கள் கண் பரிசோதனையில செய்ததைவிட இது சின்ன வேலை, அப்பா."

அதற்குமேல் மறுக்க முடியாமல், ஒருவருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்தேன். நான் ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுநர். பல வருடங்களுக்கு முன் என் கண்ணில் புரை விழத் தொடங்கியபோது, எனக்கு முன்னால் போன ஓட்டுநர் வாசிப்பதைக் கதவடியில் நின்று கேட்டு, கடைசி வரி எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பித்துவிட்டு வந்தேன். பிறகு புரையை எடுத்துவிட்டார்கள், அது வேறு கதை. ஆனால் இதை நான் சாப்பாட்டு மேசையில் வீரக்கதைபோல எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அப்போது பத்து வயதில் விழுந்து விழுந்து சிரித்தவன்தான் இப்போது கட்டிலில் கிடந்தான்.

அவனுடைய உலகத்திலும் இதுதான் வழக்கம். விமானிகள் மருத்துவரைக் கண்டால் உடம்பில் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள். தலைச்சுற்றல், காதடைப்பு, முதுகுவலி எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "உண்மை சொன்னவன் பறக்கேலாமல் வீட்டை போனான்" என்று நிரூபன் சொன்னான்.

சனி காலை பரிசோதனை. நான் கட்டிலின் கால்மாட்டில், ஊசி தெரியும் இடத்தில் நின்றேன். வலது காலில் அவன் தானாகவே சரியாகச் சொன்னான். இடது முழங்காலுக்குக் கீழே ஊசி இறங்கியது. கூர்முனை தோலில் பதிந்தது. செருமினேன். "கூர்" என்றான். அடுத்தது மொட்டை. பேசாமல் நின்றேன். "மொட்டை" என்றான். புறங்காலில் மீண்டும் கூர். செருமினேன். எல்லாம் சரி என்று இளம் டாக்டர் எழுதிக்கொண்டு போனார்.

என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நிரூபன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். சிரித்தேன். இன்றுவரை எனக்குப் பொறுக்க முடியாத சிரிப்பு அது.

மாலைப் பரிசோதனை முடிந்ததும் நர்ஸ் என்னிடம் முகக்கவசத்தை நீட்டினாள். "உங்களுக்கு இருமல் இருக்கிறதுபோல. நோயாளியின் பாதுகாப்புக்காக" என்றாள். ஞாயிறன்று முகக்கவசத்துக்குள்ளிருந்தே செருமினேன்.

நான் தங்கியது டல்லாஸ் பக்கத்து ஃபிரிஸ்கோ நகரில், வித்யா வீட்டில். சென்னைப் பெண், மென்பொருள் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமார் கோயிலில் தயிர்சாதத்துக்கு வரிசையில் நின்ற நிரூபனைத் தம்பியாக்கிக்கொண்டவள். ஆஸ்பத்திரிக்கு என்னைக் காரில் ஏற்றி இறக்கியதும் அவள்தான்.

விபத்தன்று போட்டிருந்த சிறுநீர்க் குழாயைச் சனி மதியமே எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அவன் பிளாஸ்டிக் குப்பியில்தான் போக வேண்டும், நர்ஸ் அளவைக் குறித்துக்கொள்வாள். சனியன்று முக்கி முக்கிக் கொஞ்சம் போனான். ஞாயிறன்று இன்னும் குறைவு. பின்னேரம் நர்ஸ் வரும் சத்தம் கேட்டதும், "அப்பா, ஊத்திப்போட்டன் எண்டு சொல்லுங்கோ" என்றான். குப்பியில் நிறைய இருந்தது, தெரியாமல் கழிவறையில் ஊற்றிவிட்டேன் என்று நர்ஸிடம் சொன்னேன். அடுத்தமுறை ஊற்றாதீர்கள் என்று அவள் அன்பாகக் கண்டித்தாள். மன்னிப்பும் கேட்டேன்.

திங்கள் காலை வித்யா காரோட்டிக்கொண்டே கேட்டாள்.

"அங்கிள், நிரூபன் யூரின் ஒழுங்கா போறான் இல்ல? எங்கப்பாவுக்கு டிஸ்க் பிராப்ளம் வந்தப்போ டாக்டர் அதையேதான் கேட்டுட்டு இருந்தாரு. அது நின்னுச்சுன்னா வெயிட் பண்ணவே கூடாதாம், லைஃப் லாங் டியூப்தான்னு சொல்லி பயமுறுத்திட்டாரு."

"போறான் பிள்ளை" என்றேன்.

"அப்போ ஓகே. நீங்க டென்ஷன் ஆகாதீங்க."

ஃப்ரீவேயில் வண்டிகள் நெரித்துக்கொண்டு நின்றன. அவள் பாட்டுக்கு அலுவலகக் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

அறைக்குள் போனதும் கேட்டேன். "ராத்திரி ஒண்டுக்குப் போனியோ?"

"இல்லை. மூத்திரம் முட்டேல்ல அப்பா, அதுதான்."

போர்வையை விலக்கி அவன் அடிவயிற்றில் கைவைத்தேன். தொப்புள்வரை கல்லாக இருந்தது. மெல்ல அழுத்தினேன்.

"அமத்துறது தெரியுதோ?"

அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். பிறகு, "ஒரு நாள் பொறுங்கோ. ஒரே ஒரு நாள். எனக்குச் சத்தியம் தந்தனீங்கள்" என்றான்.

இதை வாசிக்கிறவர்கள் நான் உடனே ஓடினேன் என்று நினைக்கக்கூடாது. நின்றேன். ஐந்து நிமிடமாவது நின்றிருப்பேன். பிள்ளை கேட்கிறான், ஒரு நாள்தானே என்று மனம் பேரம் பேசியது. அந்த நேரம் கொஞ்சம் சிறுநீர் அவன் தொடையில் கசிந்து படுக்கையை நனைத்தது. அவனுக்கு அதுவும் தெரியவில்லை. நான் நடைபாதைக்குப் போய் டாக்டர் ஹாலைக் கூப்பிட்டேன்.

எனக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை விறைப்பு, செருமல், குப்பி, பொய். நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. "எப்போதிலிருந்து?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டுவிட்டு, நடந்தபடியே தொலைபேசியில் அறுவைக்கூடத்தைத் தயார் செய்யச் சொன்னார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

குழாய் போட்டபோது ஒரு லீட்டருக்குக் கிட்ட வந்தது. எம்.ஆர்.ஐ. (காந்தப்புலத்தால் எடுக்கும் உட்படம்) எடுத்தார்கள். உடைந்த எலும்பின் துண்டு ஒன்று பின்னால் நகர்ந்து குதிரைவால் நரம்புகளை (முதுகுத்தண்டின் கீழ்முனையில் கற்றையாகப் பிரிந்து கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்புகள்) நெரித்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் அழுந்தும் பகுதி முழுவதும் மரத்துப்போயிருந்தது. அதை அவன் என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

அறுவைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கட்டிலோடு நடந்தேன். அவன் நோர்வேஜிய மொழியில், "நீ வாக்குத் தந்தாய்" என்றான். அந்த மொழியில் அப்பாவும் 'நீ'தான், அதில் மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் பிள்ளைகள் என்னோடு தமிழில்தான் கதைப்பார்கள். அவன் என்னிடம் நோர்வேஜியத்தில் பேசியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

ஐந்து மணித்தியாலம் காத்திருந்தேன். வித்யா அலுவலகத்தில் சொல்லிவிட்டு எலுமிச்சைச் சாதத்தோடு வந்தாள். காரில் நான் சொன்ன பொய்யை அவளிடம் ஒப்புக்கொண்டேன். அவள், "சாப்பிடுங்க அங்கிள், நீங்களும் விழுந்துட்டா நான் யாரைப் பாக்கறது?" என்று டப்பாவைத் திறந்து கையில் வைத்தாள். மனைவிக்கு அழைத்துச் சொன்னபோது அவள் பாதியிலேயே தொலைபேசியை வைத்துவிட்டாள். அடுத்த நாள் அவளே எடுத்து, பேத்தி பிறந்திருக்கிறாள் என்றாள்.

அறுவை நன்றாக முடிந்தது. இரண்டு கம்பி, எட்டுத் திருகாணி. டாக்டர் ஹாலிடம் நான் ஒரேயொரு கேள்வி கேட்டேன். வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் கால் முழுதாகத் திரும்பியிருக்குமா?

"தெரியாது. இந்த நரம்புகளுக்கு மணிக்கணக்கே முக்கியம். நாம் மூன்று நாட்களை இழந்தோம்" என்றார். 'நாம்' என்றது அவர் பெருந்தன்மை.

மறுவாழ்வுப் பிரிவில் மூன்று வாரம். பிறகு வித்யா வீட்டின் கீழ்த்தள அறை. நோர்வேயிலிருந்து விடுமுறையை நீட்டிக்கொண்டு நானும் அங்கேயே இருந்தேன். நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவன் தானே மெல்லிய குழாய் செலுத்திச் சிறுநீரை வடிக்க வேண்டும். ஆறு, பத்து, இரண்டு, மறுபடி ஆறு. அந்த வீட்டில் எங்களுக்குக் கிழமைகள் இல்லாமல் போயின. வெளியே போகவும் சாப்பிடவும் கணக்கு நான்கு மணித்தியாலம்தான். ஆஸ்பத்திரியில் தெரியாமல் ஊற்றிவிட்டேன் என்று பொய் சொன்ன நான், இங்கே ஒவ்வொரு மில்லிலீட்டரையும் கொப்பியில் எழுதினேன்.

அவன் என்னோடு சண்டை போடவில்லை. தேவையானதைக் கேட்டான், நோர்வேஜியத்தில். வித்யாவோடு தமிழில் சிரித்துப் பேசுவான், என்னைக் கண்டால் மொழி மாறும். நான் தமிழில் கேட்பேன், அவன் அந்த மொழியில் பதில் சொல்வான். அவளுக்கு அது விளங்காதது ஒரு வகையில் எனக்கு நல்லதாகப் போனது.

ஏழாவது வாரம் ஒரு காலை, குழாய் போடாமலே கொஞ்சம் போனான். பத்து நாளில் குழாயே தேவையில்லாமல் போனது. நான் கடைக்குப் போய்ச் சேமியா வாங்கிவந்து பாயசம் காய்ச்சினேன். "என்ன விசேஷம் அங்கிள்?" என்று வித்யா கேட்டாள். "சும்மாதான் பிள்ளை" என்றேன். நிரூபன் இரண்டு கிண்ணம் குடித்தான்.

கால்தான் திரும்பவில்லை. பாதத்தைத் தூக்க முடியாது. பிளாஸ்டிக் கணுக்கால் தாங்கி போட்டுத்தான் நடந்தான். முழங்காலுக்குக் கீழே பாதி இன்னும் மரக்கட்டை.

பிறகு படையின் மருத்துவக் குழுவின் கடிதம் வந்தது. வெளியேற்று இருக்கை உள்ள விமானத்தில் இனி இல்லை. தரையில் பணி தருவார்கள். அவன் அதை இரண்டு தடவை வாசித்து மடித்து வைத்தான். அவனோடு படித்தவர்கள் அடுத்த மாதம் ஊர் திரும்பி எல்லைத் தளங்களுக்குப் போகப் போகிறார்கள்.

"நீ இதைத்தானே விரும்பினாய்?" என்றான்.

அவனுக்கு இனி ஒரு பொய்யும் சொல்ல எனக்கு உரிமையில்லை.

"நான் டொக்டரைக் கூப்பிட்டது அதுக்கில்லை. உன்ர வயிறு கல்லாக் கிடந்தது, அதுக்குத்தான். ஆனா இந்தக் கடிதத்தைக் கண்டதும் எனக்கு நிம்மதியா இருந்தது. ரெண்டும் உண்மை."

அவன் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன்.

"அந்த மூன்று நாளில் ஒன்றரை நாள் உன்னுடையது" என்றான்.

"மற்ற ஒண்டரை?"

"என்னுடையது."

இதைவிட நியாயமான தீர்ப்பை எவரும் எனக்குத் தந்திருக்க மாட்டார்கள். அன்றிரவு நான் பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். அவன் தூங்கினானா என்று தெரியாது.

ஃபிரிஸ்கோவில் நடப்பவர் இல்லை. புதுப் புது வீடுகள், துடைத்துவைத்த நடைபாதைகள், ஆள் கிடையாது. நாங்கள் இரண்டுபேரும் மாலையில் நடந்தால், கார் பழுதாகிவிட்டதா என்று வண்டியை நிறுத்திக் கேட்பார்கள். நான் இரண்டடி பின்னால் நடப்பேன். அவன் இடது பாதம் ஒவ்வொரு அடிக்கும் தரையில் தட்டென்று விழும். அந்தத் தட்டு விழும்போதெல்லாம் என் இடது காலிலும் ஏதோ இறுகும். ஒரு தகப்பனுக்குப் பிள்ளையின் உடம்பு எங்கே முடிகிறது என்பது எனக்கு இப்போது சரியாகத் தெரியவில்லை.

ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு மாலை அவன் நடுவழியில் நின்றுவிட்டான். யாரோ ஒருவர் வீட்டுத் தபால்பெட்டியைப் பிடித்துக்கொண்டான். முகம் வெளிறியிருந்தது.

"அப்பா, நில்லுங்கோ. கால் நோகுது."

தமிழில் சொன்னான். இடது காலைக் காட்டினான்.

"எவடத்தில?"

"பெருவிரல். ஆரோ நெருப்புக்குச்சியால சுடுற மாதிரி. விட்டு விட்டுச் சுடுது."

செத்த நரம்பு நோகாது. விழித்துக்கொள்ளும் நரம்பு முதலில் நோவாகத்தான் பேசும் என்று மறுவாழ்வுப் பிரிவின் இயன்முறை மருத்துவர் பல தடவை எங்களுக்குச் சொல்லியிருந்தார். பாதம் திரும்பத் தூக்குமா என்பதற்கு இதில் உறுதி ஒன்றும் இல்லை. அது எனக்கும் தெரியும்.

"உண்மையா நோகுதோ? எனக்காகச் சொல்லேல்லையே?"

"உண்மையா அப்பா. நல்லா நோகுது."

என் பிள்ளை வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான், எனக்குச் சந்தோசமாக இருக்கிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு மாலை வரலாம். நான் குனிந்து அவன் சப்பாத்தைக் கழற்றி, பெருவிரலைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அமத்தாதேங்கோ அப்பா, நோகுது" என்றான்.

அந்தத் தபால்பெட்டியடியில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. நான் மணி பார்க்கவில்லை.